இரைச்சல் என்று நீக்கியது

மார்ச் 3

அக்காவுக்கு,

கவர் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடாதே. போனில் என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய். அம்மாவிடம் சொல்லி அனுப்பலாமென்றால், "உங்க சண்டைக்கு நடுவுல என்னை இழுக்காதீங்க, எனக்கு இருக்கிற தலைவலியே போதும்" என்கிறாள். வேறு வழியில்லாமல் கோடு போட்ட தாளை வாங்கி வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். ஏப்ரல் இரண்டாம் தேதி உனக்கு ஆபரேஷனாம். சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் துளை வைத்து வெளியே ஒரு பை மாட்டப் போகிறார்களாம். ஆயுசுக்கும். சர்ஜன் யோசிக்கச் சொன்னாராம், நீதான் ஒற்றைக்காலில் நிற்கிறாயாம். சொல்லி முடித்த பிறகு, "நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதே" என்றாள். சொல்லிவிட்டேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

நான் டாக்டர் இல்லை, அது எனக்கே தெரியும். லேபில் எலியின் சிறுநீர்ப்பையிலிருந்து கிளம்பும் நரம்பை மெல்லிய கம்பியில் ஏற்றி, அது அனுப்புகிற சமிக்ஞையைப் பதிவு செய்கிற வெறும் டெக்னீஷியன். ஒன்பது வருஷமாக அதே வேலை. ஆனாலும் அந்த ஒன்பது வருஷத்தில் இதுவாவது தெரிந்திருக்கிறது: சிறுநீர்ப்பை தனியாக வலிப்பதில்லை. பையிலிருந்து முதுகுத்தண்டுக்குப் போகும் நரம்புக்கும் அதில் பங்கு உண்டு. பையை எடுத்த பிறகும் அந்த நரம்பு உள்ளேதான் இருக்கும். வலி போகாவிட்டால் என்ன செய்வாய்? எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது அக்கா.

ஆஸ்பத்திரி வாசலில் அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றியும் எழுத வேண்டும். நாலு தாள் கிழித்துப் போட்டாயிற்று, வரவில்லை. பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். தேதியை ஒரு மாதம் தள்ளிப் போடு.

தம்பி

—

மார்ச் 9

தம்பிக்கு,

பிரித்துவிட்டேன். ஏதோ கல்யாணப் பத்திரிகை என்று நினைத்துப் பிரித்தேன், உன் நல்ல நேரம்.

கிரேன் கேபினில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கப்பல் இன்னும் கரையோடு ஒட்டவில்லை, அரை மணி நேரம் சும்மா இருக்கிறேன். நாற்பது மீட்டர் உயரம். நாலு பக்கமும் கண்ணாடி, காலுக்கடியிலும் கண்ணாடி. லிஃப்ட் பாதி தூரம்தான் வரும், மிச்சத்துக்கு ஏணி. இங்கிருந்து இறங்கி, பாத்ரூம் போய், திரும்ப ஏறி வரப் பதினெட்டு நிமிஷம். அதுவரை கீழே லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கும். அதனால் காலை ஐந்து மணிக்கு மேல் நான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. இங்கே எல்லோருமே அப்படித்தான். தண்ணீர் குடிக்காமல் எட்டு மணி நேரம் ஓட்டுகிறவன்தான் கெட்டிக்காரன். பதினாலு வருஷமாக அந்தப் பேரை நானும் வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு இங்கே பட்டப்பெயர் என்ன தெரியுமா? ஒட்டகம். அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், என் மூளையைச் சொல்ல வேண்டும்!

வலி எப்படி இருக்கும் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நானே சொல்கிறேன். புண்ணில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி எரியும். முக்கால் மணிக்கு ஒரு தரம் ஓட வேண்டும், கேபினில் இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்க வேண்டும். ஓடினால் நாலு சொட்டு. வந்து உட்கார்ந்தால் மறுபடி அதே எரிச்சல். மூன்று வருஷம், எட்டு டாக்டர். எல்லோரும் சிறுநீரைச் சோதித்துவிட்டு, "கிருமி இல்லைம்மா, சுத்தமா இருக்கு" என்று எனக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொல்வார்கள். ஒருத்தர், "ஒரு கல்யாணம் பண்ணிக்கோங்க, சரியாயிடும்" என்றார். காமிரா விட்டுப் பார்த்தவர் மட்டும்தான், உள்சுவரில் அங்கங்கே சிவந்திருக்கிறது, அழற்சி என்று சொல்லி ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார். மருந்து ஏழு வகை. ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலைப் பற்றி உனக்கு எழுத வரவில்லையா? எனக்கு வருகிறது. அப்பாவை ஐசியூவில் சேர்த்துவிட்டார்கள் என்று அம்மா போன் செய்தாள். காலை பத்து மணிக்கு உன் காரில் கிளம்பினோம். நாலு மணி நேர வழி. நான் ஐந்து தடவை நிறுத்தச் சொன்னேன். மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் கதவைத் திறந்து இறங்குவதற்குள் நீ உள்ளே ஓடிப் போய்த் திரும்பி வந்தாய். வாட்ச்மேன், ஆம்புலன்ஸ் டிரைவர், முன்பின் தெரியாத ஜனங்கள், அத்தனை பேர் முன்னாலும் கத்தினாய். "அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா அப்பாவை உயிரோட பாத்திருக்கலாம். டெஸ்ட்ல ஒண்ணுமே இல்ல, எல்லாம் உன் நடிப்பு. உன் பாத்ரூமுக்காக அப்பாவை விட்டுட்டோம்." சிறுநீர்ப்பையைப் பற்றியே ஒன்பது வருஷம் வேலை பார்க்கிறவன் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் துடைத்துப் போட்டிருப்பேன்.

அப்பா விஷயத்தில் நீ சொன்னது உண்மைதான். அதனால்தான் இந்தச் சனியன் எனக்கு வேண்டாம். அப்பா முகத்தைப் பார்க்கவிடாமல் செய்தது அது. அறுத்து எடுக்கட்டும். வலி போனால் நல்லது. போகாவிட்டாலும் அது என் உடம்பில் இல்லை என்றாவது இருக்கும். உன் பாடமெல்லாம் எனக்கு வேண்டாம், எலிகளுக்கு எடு.

அக்கா

—

மார்ச் 13

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். அதில் ஒரு விஷயத்துக்கு என்னால் இன்றைக்குப் பதில் எழுத முடியாது. திட்டாதே. முதலில் இதைக் கேள்.

லேபில் நரம்பு அனுப்பும் சமிக்ஞையை நாங்கள் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, ஸ்பீக்கரில் கேட்கவும் செய்வோம். பையில் எரிச்சல் இருந்தால் நரம்பு படபடவென்று பொரியும். அமைதியாக இருந்தால் எப்போதாவது ஒரு 'டிக்'. எலிகளுக்கு முதலில் பையில் லேசாக எரிச்சல் உண்டாக்குவோம். நாலு வாரத்தில் அது ஆறிவிடும். ஆறிய பிறகு மறுபடி பதிவு செய்வது என் வேலை. பக்கத்து அறையில் இருக்கும் மேடம் பையின் சுவரை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, "நார்மல்" என்று எழுதி அனுப்புவார். அவர் நார்மல் என்று எழுதிய எலிகளில் சிலவற்றின் நரம்பு எனக்குப் பொரிந்துகொண்டே இருந்தது. சுவர் ஆறிவிட்டது, பிறகெப்படி நரம்பு கத்தும்? ஃபிரிட்ஜ் மோட்டாரின் கரண்ட் கலக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். திரையில் ஒரு கோடு இருக்கும். அதற்குக் கீழே இருப்பதைக் கணக்கில் சேர்க்காதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தக் கோடு. அதை மேலே ஏற்றிவிடுவேன். சத்தம் நின்றுவிடும். நோட்டில், "இரைச்சல், நீக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

அம்மா உன் ஆபரேஷனைச் சொன்ன மறுநாள் இப்படி ஒரு எலி வந்தது. என்னவோ மனசு கேட்கவில்லை. ஃபிரிட்ஜை அணைத்தேன். ஃபேனை அணைத்தேன். டியூப்லைட்டை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். அப்போதும் பொரிகிறது. நரம்பின் மேல் மரத்துப்போகிற மருந்து ஒரு சொட்டு விட்டேன். நின்றுவிட்டது. கரண்டுக்கு மருந்து போட்டால் நிற்குமா அக்கா? அது நரம்பேதான். பழைய நோட்டையெல்லாம் எடுத்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று. முப்பத்தோரு தடவை அது கத்தியிருக்கிறது, நான் கோட்டை ஏற்றி வாயை மூடியிருக்கிறேன். எங்கள் புரொபசரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "முதல்லேர்ந்து எல்லாத்தையும் திரும்ப ஓட்டு" என்றார்.

அவர் எனக்கு விளக்கியதைச் சுருக்கமாக எழுதுகிறேன். இந்த மெல்லிய நரம்புகள் வலியை மேலே சொல்லி அனுப்புவதோடு நிற்பதில்லை. தூண்டப்பட்டால், தங்கள் முனையிலிருந்து சில ரசாயனங்களைப் பையின் சுவருக்குள்ளேயே கசிய விடும். அதனால் சுவர் சிவந்து வீங்கும். அந்த வீக்கம் திரும்ப நரம்பைத் தூண்டும். நரம்பு மறுபடி கசியும். கிருமியே இல்லாமல் ஒரு சுற்று ஓடிக்கொண்டிருக்கும், சோதனையில் எல்லாம் சுத்தமாக இருக்கும். இது நீண்ட நாள் நடந்தால் முதுகுத்தண்டும் அந்த வலிக்குப் பழகிவிடும். அப்புறம் பை சும்மா இருந்தாலும் அது வலி என்றே படிக்கும். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று அவர் சொல்லவில்லை. உனக்கு ஆகியிருக்கிறதா என்றும் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறதாம். சர்ஜனிடம் கேள். பைக்குள் மரத்துப்போகிற மருந்தைக் குழாய் வழியாக விட்டு அரை மணி நேரம் வைத்திருப்பார்கள். வலி நின்றால், அது பையிலிருந்து வருகிறது. நிற்காவிட்டால், பையை எடுத்தும் பிரயோஜனம் இருக்காது. கத்தி வைப்பதற்கு முன்னால் இது ஒன்றை மட்டும் செய்துகொள். காலில் விழுந்து கேட்கிறேன். தண்ணீரும் குடி.

தம்பி

—

மார்ச் 19

தம்பிக்கு,

எலி கத்தினதை ஒன்பது வருஷம் கழித்துக் கண்டுபிடித்துவிட்டாய். சந்தோஷம். அக்கா கத்தினதற்கு எந்த நோட்டில் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டாய்?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கிருமியே இல்லாமல் எரியும் என்று ஒரு ஆள் எழுத்தில் எழுதிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. அது உனக்காக இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. அம்மாவிடம் மூச்சு விடாதே. ஒரு கன்டெய்னரைத் தூக்கிப் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் கொண்டு வந்துகொண்டிருந்தேன். திடீரென்று சுருக்கென்று பிடித்தது. கை லீவரைவிட்டு நழுவிவிட்டது. கன்டெய்னர் ஊஞ்சல் மாதிரி ஆடியது. கீழே சைகை காட்டுகிறவர் நேர் அடியில் நிற்கிறார். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். எப்படி நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஓடவில்லை, வாக்கி-டாக்கியில், "மெதுவா இறக்கிட்டு நீங்க கீழ வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். இறங்கி வந்தேன். மேலே புகார் எழுதாமல் விட்டுவிட்டார். அடுத்த தடவை எழுதுவார், எழுதவும் வேண்டும். இப்போது சொல், ஒரு மாதம் தள்ளிப் போடு என்று உனக்குச் சொல்வது சுலபம். அந்த ஒரு மாதத்தில் யார் தலையில் எதைப் போடுவேனோ?

சர்ஜனிடம் உன் மரத்துப்போகிற மருந்தைப் பற்றிக் கேட்டேன். "செய்யலாமே, நானே சொல்லணும்னு இருந்தேன். முப்பதாம் தேதி வாங்க. அது நிக்கலைன்னா ஆபரேஷனைப் பத்தி நாம வேற மாதிரி பேசணும்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். பயம்டா. மருந்து விட்டும் வலி நிற்கவில்லை என்றால், அப்புறம் எதை அறுத்து எறிவது? இப்போது காட்டுவதற்கு ஒரு இடமாவது இருக்கிறது. எதிரி இதுதான் என்று தெரிகிறது. ராத்திரியும் பகலும் எனக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது: அந்த ஐந்து தடவையில் ஒன்றே ஒன்றை அடக்கியிருந்தால் அப்பாவைப் பார்த்திருப்பேன். அவர் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்திருப்பார். இந்தப் பையை வைத்துக்கொண்டு என்னால் அந்த நினைப்போடு இருக்க முடியாது. நீ எவ்வளவு எழுதினாலும் இரண்டாம் தேதி நான் போய்ப் படுக்கப் போகிறேன். இனிமேல் எழுதாதே.

அக்கா

—

மார்ச் 23

அக்காவுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. கேபினில் இருந்தால் இப்போது படிக்காதே, வீட்டுக்குப் போய்ப் படி.

அன்றைக்கு இரண்டாவது தடவையாக நிறுத்தினோமே, பெட்ரோல் பங்கில். பதினொன்று இருபத்தைந்து. நீ பின்பக்கம் பாத்ரூமுக்குப் போயிருந்தாய். நான் காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அம்மா போன் செய்தாள். "போயிட்டார்டா. பதினொண்ணு பத்துக்கு. அவகிட்ட நீயே பக்குவமா சொல்லு, வழியில அவளுக்கு எதுவும் ஆயிடப் போகுது" என்றாள்.

எனக்குத் தெரியும் அக்கா. அப்போதே தெரியும்.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாய். "ரொம்ப லேட் பண்றேனா? சாரிடா" என்றாய். சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. சொன்னால் நீ அங்கேயே விழுந்துவிடுவாய், அடுத்த ஊர் வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த ஊரிலும் சொல்லவில்லை. அதற்கப்புறம் மூன்று தடவை நிறுத்தினாய். மூன்று தடவையும் "ஓடிப் போயிட்டு வந்துடறேன், அப்பா காத்துக்கிட்டிருப்பார்" என்றாய். அதைக் கேட்கக் கேட்க எனக்கு உள்ளே கொதித்தது. அவர் காத்துக்கொண்டிருக்கவில்லை என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. மூன்றரை மணி நேரம் அதை நான் ஒருத்தனே வைத்துக்கொண்டு ஓட்டினேன். வாசலில் இறங்கியதும் அதை யார் தலையிலாவது கொட்டினால் போதும் என்று இருந்தது. நீ பக்கத்தில் இருந்தாய்.

அரை மணி நேரம் என்பது நான் அங்கே நின்று இட்டுக்கட்டியது. நிறுத்தாமல் பறந்து போயிருந்தாலும் நாம் இரண்டு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்போம். நீ ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லியிருக்காவிட்டாலும் அப்பாவை உயிரோடு பார்த்திருக்க முடியாது. உன் சிறுநீர்ப்பை எதையும் செய்யவில்லை. அம்மா நான் உன்னிடம் அப்போதே சொல்லிவிட்டேன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். நம்பிக்கை இல்லையென்றால் அவளைக் கேள். நீ அந்த நாளைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்க மாட்டாய் என்ற தைரியத்தில்தான் நான் ஏழு மாதம் ஓட்டினேன்.

முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். எலி, ஸ்பீக்கர், மரத்துப்போகிற மருந்து என்று சுற்றிச் சுற்றி எழுதியதெல்லாம், இதைச் சொல்லாமலே உன்னை நிறுத்திவிட முடியுமா என்று பார்த்ததுதான். அதில் எழுதியது பொய்யில்லை. ஆனால் உன்னை ஆபரேஷன் மேஜையில் படுக்கவைக்கப் போவது என் பொய் என்று உன் போன கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. என் மேல் என்ன கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். முப்பதாம் தேதி மட்டும் அந்தச் சோதனைக்குப் போ. அந்த ஆபரேஷன் நீ செய்யாத தப்புக்கு நீயே கொடுத்துக்கொள்ளும் தண்டனை அக்கா, வேண்டாம்.

தம்பி

—

மார்ச் 31

தம்பிக்கு,

அம்மாவுக்குப் போன் செய்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "அப்பா எத்தனை மணிக்குப் போனாரும்மா" என்றேன். "பதினொண்ணு பத்து. ஏன், அவன் உன்கிட்ட அப்பவே சொன்னானே?" என்றாள். ஆமாம் என்றேன். உனக்காகப் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவளுக்கு ஒரு நல்ல பிள்ளை இருக்கிறான் என்ற நினைப்பு மிச்சம் இருக்கட்டும் என்று விட்டேன்.

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. காரணம் சொல்லாமல் லீவு போட்டது பதினாலு வருஷத்தில் முதல் தடவை. உன் முகத்தைக் கற்பனை செய்துகொண்டு பாத்திரங்களை உருட்டினேன். பாவி. நீ வாயைத் திறந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் அந்த மூன்று மணி நேரமும் காரில் அழுதுகொண்டாவது வந்திருப்பேன். அழவேண்டிய நேரத்தில் என்னைப் பாத்ரூம் தேடி ஓடவிட்டாயே. மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். மன்னிக்கவில்லை.

நேற்று சோதனைக்குப் போனேன். மருந்தை விட்டுவிட்டு சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எப்படி இருக்கு? இப்ப?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டார். பை மரத்துவிட்டது. தண்ணீர் விட்டு நிரப்பினார்கள், நிரம்புவதே தெரியவில்லை. ஆனால் எரிச்சல் இருந்தது. அரை மணி நேரமும் அப்படியே, ஒரு இழை குறையாமல் இருந்தது. சர்ஜன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எடுத்துப் போட்டிருந்தாலும் இது உங்களோடயே வந்திருக்கும்மா" என்றார். என் ஃபைலில், "வலி இருக்கிறது. பையிலிருந்து மட்டும் வரவில்லை" என்று எழுதினார். ஆபரேஷன் இல்லை. நரம்பு வலி பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பியிருக்கிறார். மாத்திரை, பயிற்சி, மாதக்கணக்கில் ஆகுமாம், முழுசாகப் போகும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. நான் பயந்தேனே, அதுதான் நடந்தது. அறுத்து எறிய ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி படிக்கட்டில் உட்கார்ந்து நன்றாகப் பயந்துவிட்டு, அப்புறம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்தச் செவ்வாய்க்கிழமை கன்டெய்னர் ஆடியதையும் சேர்த்து. குதித்தார். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்று ஆள் ஏறுவதற்கு ஒப்புக்கொண்டார். தண்ணீர் பாட்டில் கொண்டுபோகிறேன். ஒட்டகத்துக்கு என்ன ஆச்சு என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

ஒன்று உனக்குத் தெரியாது. தினமும் மதியம் இரண்டரைக்கு, மேலே நான் லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பேன். லாரிக்காரர்கள் கத்துவார்கள், கத்தட்டும் என்று விட்டுவிடுவேன். நீ சொன்ன அரை மணியைக் கழித்துப் பார்த்தால் அப்பா போன நேரம் அதுதான். ஏழு மாதமாக அந்த நேரத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு நேரத்தில் அவர் போகவேயில்லை.

நாளையிலிருந்து பதினொன்று பத்துக்கு நிறுத்தப் போகிறேன். இங்கே அது லோடு நெரிசலான நேரம், எப்படியோ சமாளித்துக்கொள்வேன். மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை, சும்மா அவரை நினைத்துக்கொள்வேன். நீயும் அந்த நேரத்தில் உன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் உட்கார். உட்கார்ந்தாயா என்று நான் கேட்கமாட்டேன். நீயும் சொல்ல வேண்டாம்.

அக்கா